மீதி அண்ணனும் மூன்று லட்சத்துச் சொச்சமும்

ஓர் எண்ணின் மேல் உயிரையே வைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் பழவேற்காட்டில் படகுக்குப் பெயின்ட் அடிப்பவர். எந்த எண்ணைச் சொன்னாலும் எதாலாவது வகுத்து, "மீதி இன்னா?" என்று கேட்பார். அதனால் ஊருக்கே அவர் மீதி அண்ணன்.

அவருடைய எண் 360360. ஒன்றிலிருந்து பதினைந்து வரை எதால் வகுத்தாலும் மீதி வராது. அப்படிப்பட்ட எண்களில் ஆகச் சின்னது இதுதான்.

"பதிமூணுன்னா அவன் அவன் பயப்படுவான். இங்க வந்தா அது கூட சமத்தா போவும்பா!" என்று சொந்தப் பிள்ளையைப் போலப் பீற்றிக்கொள்வார்.

படகுக்காரர்கள் பெயர் எழுதச் சொன்னால், ராசி என்று கீழே 360360ஐயும் எழுதிவிடுவார். ஒருநாள் ரோந்துக்கு வந்த அதிகாரி, ஒரே நம்பரில் இரண்டு படகுகளைக் கண்டு மடக்கினார். அண்ணன் ஓடிவந்து விளக்கம் சொன்னார். அதிகாரி செல்போனை எடுத்துப் பதினைந்து வரை பொறுமையாக வகுத்துப் பார்த்தார்.

"கணக்கு கரெக்டாதான் கீது. அதுக்காக? அழிய்யா மொதல்ல!"

இந்த எண்ணால் அவருக்குக் கல்யாணமே தள்ளிப் போனது. பெண் பார்க்கப் போகும் இடமெல்லாம் அதைப் பற்றியே பேசுவார். கடைசியாக ஆரம்பாக்கத்துக்கு நானும் துணைக்குப் போனேன். பெண்ணின் பெயர் கஸ்தூரி. மீஞ்சூரில் ஒரு கம்பெனிக்கு ரயிலில் போய்வருகிறவர்.

"மாப்ள இன்னா பண்றாரு?" என்றார் பெண்ணின் அப்பா.

நான் அண்ணனின் காலை மிதித்தும் பலனில்லை. அண்ணன் ஒன்றிலிருந்து ஆரம்பித்துப் பதினைந்தில்தான் நிறுத்தினார். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

டீயோடு வந்த கஸ்தூரி கேட்டார்: "பதினாறு போவுமா?"

அண்ணன் முகம் சுருங்கியது.

"கல்யாணம்னா பதினாறும் பெறணும்னு தானே வாழ்த்துவாங்க? அதான் கேட்டேன்."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு வரவில்லை. "போவாதுங்க. எட்டு மீதி வரும்."

அப்பா எழுந்தார். "சரிப்பா, யோசிச்சு சொல்லி அனுப்புறோம்."

அண்ணன் வாசலில் தலை குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது.

"ஒத்தையா இருந்தா மீதி வரத்தான் செய்யும். ரெண்டால பெருக்கிப் பாக்கறது?"

அண்ணன் வானத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. அடுத்த நொடி, வேலியில் இருந்த கொக்கெல்லாம் பறக்கும்படி கத்தினார்: "போவுது! மீதியே இல்ல!"

"இன்னாம்மா போவுது?" என்று அப்பா திகைத்தார்.

"பதினாறு, நைனா" என்று சொல்லிவிட்டுக் கஸ்தூரி உள்ளே ஓடிவிட்டார்.

கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் சுழிக்குக் கீழே 720720 என்று அச்சடித்தார்கள். அது போன் நம்பர் என்று நினைத்து டயல் செய்து பார்த்தவர்கள் உண்டு.

இப்போது இருவரும், ஐந்து மீதி வரும் பதினேழுக்காகச் சண்டை போடுகிறார்கள். அந்தப் பக்கம் போனால், அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறேன். பொன்னேரி பஸ்ஸை எத்தனையோ தடவை விட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட வருத்தப்பட்டதில்லை.