இன்ஸ்பெக்டரம்மா மேல் ஒரு பந்தயம்

சலவைக்கடைக்காரர் இன்ஸ்பெக்டரம்மாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு ஐஸ் தொழிற்சாலையில். கையில் டார்ச் விளக்கு, முழங்கால் வரை தொங்கும் கோட்டு. பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. டார்ச் அணைந்தது. ஒரு வெடிச்சத்தம். உடனே ஒரு குழந்தை சிரித்துக்கொண்டு வந்து, இந்தச் சோப்பைப் போட்டால் தோல் மிருதுவாகும் என்றது. தொலைக்காட்சியில் அன்றைய கதை அவ்வளவுதான். மீதி அடுத்த வெள்ளிக்கிழமை.

"போயிட்டா," என்றார் சலவைக்கடைக்காரர். அவர் மூக்குக்கும் திரைக்கும் நடுவே ஒரு இஸ்திரிப்பெட்டி வைக்கத்தான் இடம் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் பாதித் தொடர் அவருடைய முதுகிலேயே ஓடியது.

"யாரு போயிட்டா?"

"இன்ஸ்பெக்டரம்மாதான். குண்டு நெஞ்சுல பாய்ஞ்சுது. நான் பாத்தேன்."

"கும்மிருட்டுல என்னத்தப் பாத்தீங்க?"

"கறுப்புக் கோட்டுல ரத்தம் தெரிஞ்சுது."

"அது கரும்பச்சைக் கோட்டுங்க. ஆரம்பத்திலேர்ந்து அதைத்தானே போட்டுட்டு வர்றா."

"கறுப்பு."

மனைவி மேலே பேசவில்லை. அவள் பேசாமல் இருக்கும்போதுதான் அவர் பயப்பட வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவருக்கு அது பிடிபடவில்லை.

கோளாறு கோட்டில் இல்லை, கண்ணில் இருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு மழைக்காலமே போய்விட்டது. இவர் கேட்டால்தானே. "எனக்கு எதுக்குக் கண்ணு? துணியை விரலாலேயே பாப்பேன். காலரைத் தொட்டா ஆளோட குணத்தைச் சொல்லிடுவேன்," என்று கடையில் பெருமை பேசுவார். அப்படிப் பேசிய அதே வாரம், எதிர்க்கடை சலூன்காரரின் துணி மூட்டையில் மாடிவீட்டு டீச்சரின் நைட்டி ஒன்று போய்விட்டது. பூப்போட்ட நைட்டி. சலூன்காரரின் மனைவி அதை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்விகளுக்கு அந்த மனிதர் இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறார்.

அது போகட்டும், சிரித்துவிட்டு விட்டுவிடலாம். போன மாதம் இஸ்திரிப்பெட்டியைத் தட்டில் வைப்பதாக நினைத்துத் தன் இடது கைமேலேயே வைத்தார். மனைவி ஓடிவந்து அந்தக் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனாலும், திறந்த கண்ணுக்கு மேலே ஒருத்தர் கத்தியோடு குனிவார் என்று நினைத்தாலே பயத்தில் கண்ணை மூடிக்கொள்வார். அதை ஆம்பளை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "கடையில வேலை தலைக்குமேல கிடக்கு," என்றே நாளைத் தள்ளினார்.

மறுநாள் கடை திறந்ததும் சண்டையும் திறந்தது. சட்டை வாங்க வந்தவர்கள் சட்டையை மறந்துவிட்டு நின்றார்கள்.

"சுட்டது அந்த அம்மாவோட டிரைவர்தான்," என்றார் சலூன்காரர். "அவன் முழியே சரியில்ல. நான் நாள்பூரா ஆளுங்க மூஞ்சியைப் பாக்கறவன்."

"நீங்க பாக்கறது பின்மண்டையைத்தான்," என்றாள் மாடிவீட்டு டீச்சர். நைட்டி விவகாரத்துக்குப் பிறகு அவரோடு அவள் நேராகப் பேசுவதில்லை. இதையும் தண்ணீர் தெளிக்கிற புட்டியைப் பார்த்துத்தான் சொன்னாள். "யாரு சுட்டா என்ன? அவ சாக மாட்டா. அவ செத்தா அப்புறம் யாரு துப்பறியறது? சோப்புக் குழந்தையா?"

"செத்தாச்சு டீச்சர். எழுதி வச்சுக்குங்க," என்றார் சலவைக்கடைக்காரர்.

கடைக்குப் பின்பக்கம் மனைவியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கிழிந்தது தைப்பது, நீளம் குறைப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

இரண்டு தெரு தள்ளி ஒரு படப்பிடிப்பு ஸ்டுடியோ. அங்கிருந்து தைக்கவும் தேய்க்கவும் இந்தக் கடைக்குத்தான் துணி வரும்; அங்கே விளக்குப் பிடிக்கிற லைட்மேனும் இங்கேதான் போடுவார். வாரத்தின் நடுவில் அவர் வந்தபோது கடையில் வேறு ஆள் இல்லை. சலவைக்கடைக்காரர் அவரை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. இன்ஸ்பெக்டரம்மா?"

"அண்ணே, வெளிய சொன்னா வேலை போயிடும்."

"உன் பேன்ட்டுக்கு ஆயுசுக்கும் மடிப்பு கலையாம தேச்சுத் தர்றேன்."

லைட்மேன் அக்கம்பக்கம் பார்த்தார். "அடக்கம் பண்ற சீனுக்கு நான்தாண்ணே லைட்டு வச்சேன். பெட்டி, மலர்வளையம், அந்த அம்மா போட்டோ எல்லாம் இருந்துச்சு. அந்த டிரைவர் என்னமா அழுதான் தெரியுமா. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

அவர் போனதும் சலவைக்கடைக்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. பின்பக்கம் தையல் மெஷின் ரொம்ப நேரமாக ஓடவே இல்லை என்பதை அவர் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

அன்று மாலை மனைவி ஒரு கோட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள்.

"இதை மொதல்ல தேச்சுக் குடுங்க. ஆள் வந்துடுவாங்க. காலர்ல துணிச்சீட்டு இருக்கு, பாத்துத் தேயுங்க."

"தெரியும் தெரியும். இந்தத் தொழிலை எனக்கே சொல்லித் தர்றியா?"

அவர் கண்ணுக்குக் கறுப்புக் கோட்டு. நல்ல கனம். விரலால் தடவிக்கொண்டே போனவர் இடது தோளில் நின்றார். கை முழுக்கப் பிரிக்கப்பட்டு, கொக்கி வைத்துத் தைத்திருந்தது.

"எந்தக் குடிகாரன் தச்சது இது?"

"நான்தான்."

"எதுக்கு இப்படி?"

"கேட்டாங்க, தச்சேன்."

"யானைக்காலு கேள்விப்பட்டிருக்கேன். யானைக்கை உள்ளவனும் கோட்டுப் போடறான் பாரு," என்று சொல்லிக்கொண்டே துணிச்சீட்டையும் சேர்த்து ஒரே அழுத்தாக அழுத்தினார். ஆவி புஸ்ஸென்று எழும்பியது. சலூன்காரரும் டீச்சரும் வாசலில் நின்றார்கள். சாட்சி ரெடி. இதுதான் சமயம் என்று அவருக்குத் தோன்றியது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. ஒரு பந்தயம். இன்ஸ்பெக்டரம்மா செத்துட்டான்னு நான் சொல்றேன். நான் ஜெயிச்சா, இந்த வீட்டுல இனிமே யாரும் கண்ணுங்கற பேச்சையே எடுக்கக் கூடாது."

"நீங்க தோத்தா?" என்றாள் மனைவி.

"நீ சொல்ற ஆஸ்பத்திரி, நீ சொல்ற நாளு."

"சரி."

யோசிக்கக்கூட இல்லை. பல்லில் கடித்திருந்த நூலை அறுத்துவிட்டு, ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு, கோட்டை வாங்கி மாட்டியில் தொங்கவிட்டாள். சலவைக்கடைக்காரருக்கு அவளை நினைத்து இரக்கமாக இருந்தது. பாவம், வெள்ளந்தி.

வெள்ளிக்கிழமை எல்லாரும் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தொடர் தொடங்கியதுமே பெட்டி வந்தது. மலர்வளையம் வந்தது. மாட்டியிருந்த படத்தின் முன்னால் டிரைவர் விழுந்து விழுந்து அழுதான்.

"கண்ணுங்கற பேச்சு..." என்று ஆரம்பித்தார் சலவைக்கடைக்காரர்.

"முழுசாப் பாருங்க," என்றாள் மனைவி.

பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே செங்கல். டிரைவர் நிமிர்ந்தான். பின்னாலிருந்து ஒரு குரல், "ஏன்ப்பா, சுடறப்போ வராத அழுகை இப்பத்தான் வருதா?" என்றது. திரும்பினால் இன்ஸ்பெக்டரம்மா. இடது கையில் தடிதடியாகக் கட்டு. அந்தக் கைக்குத் தக்க மாதிரி பிரித்து, கொக்கி வைத்துத் தைத்த கோட்டு. மடிப்புக் கலையாத கோட்டு.

"நான் சொல்லலே? டிரைவர்தான்," என்றார் சலூன்காரர்.

சலவைக்கடைக்காரர் மூக்கு திரையில் இடிக்கிற வரைக்கும் குனிந்தார். அந்தக் கொக்கிகளை அவருடைய விரலுக்குத் தெரிந்திருந்தது.

"நீ முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு என்கூடப் பந்தயம் கட்டினே," என்றார் மெதுவாக.

"நீங்க எப்படிக் கட்டினீங்க? லைட்மேன் பேன்ட்டுக்கு ஆயுசுக்கும் மடிப்பு யாரு தர்றதாச் சொன்னது?"

அவர் பேச்சை மாற்றினார். "ஸ்டுடியோ கோட்டுன்னு நீ சொல்லவே இல்லியே."

"சீட்டைப் பாருங்கன்னு சொன்னேனே. கொட்டை எழுத்துல 'இன்ஸ்பெக்டர், கட்டுப்போட்ட கை'ன்னு எழுதியிருந்துச்சு. டீச்சர் வாசல்லேர்ந்தே படிச்சுட்டாங்க."

"படிச்சேண்ணே," என்றாள் டீச்சர். "அக்காதான் மூச்சு விடாதேன்னாங்க."

"உங்க கையில குடுத்தேன். உங்க முன்னாடி தொங்கவிட்டேன். அதைப் படிச்சிருந்தீங்கன்னா இந்தப் பந்தயமே கட்டியிருக்க மாட்டீங்க," என்றாள் மனைவி. "படிக்க முடிஞ்சிருந்தா, நானும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருக்க மாட்டேன்."



ஆஸ்பத்திரியில் அவர் மனைவியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கதவு வரைக்கும்தான் அவளை விட்டார்கள். "பயமா இருக்கு," என்றார், முதல் தடவையாக. "தெரியும்," என்றாள் அவள். "அதுக்குத்தானே இத்தனை கூத்து." உள்ளே போனவர் ஒரு கால்சட்டையைத் தேய்க்கிற நேரத்தில் வெளியே வந்துவிட்டார். இதற்கா இவ்வளவு நாள் நடுங்கினோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

கட்டு அவிழ்த்த அன்று இடது கண்ணால் முதலில் பார்த்தது அவளைத்தான்.

"உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"நீங்க பாக்காதப்ப."

வலது கண்ணை அடுத்த மாதம் செய்யலாம் என்றார் டாக்டர். "கடையில வேலை தலைக்குமேல கிடக்கு," என்றார் சலவைக்கடைக்காரர். பழைய தைரியம் திரும்பிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை, சிறையிலிருந்து தப்பிய டிரைவர் ரயில் பாலத்தின் நடுவில் நின்றான். எதிரே ரயில். கீழே ஆறு. சோப்புக் குழந்தை வந்துவிட்டது.

"அவன் பொழைச்சுக்குவான்," என்றாள் மனைவி. "அதே பந்தயமா?"

இந்தத் தடவை அவர் ஏமாறவில்லை. எழுந்துபோய்த் தையல் மெஷினைச் சுற்றித் தொங்கிய துணிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, எல்லாச் சீட்டையும் படித்தார். டிரைவர் சட்டை என்று எதுவும் இல்லை. திருப்தியாகத் திரும்பிவந்து, "செத்துட்டான். பந்தயம்," என்றார்.

மாடிவீட்டு டீச்சர் வீட்டுக் கொடியில் யாருடைய சட்டை காய்கிறது என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

வலது கண் இன்னும் பாக்கி இருக்கிறது.