ஊற்றம்மாவின் சாட்சித் தண்ணீர்

மெத்தைக் கடை மாடியில் வாராவாரம் கூட்டம் நெரியும். படியில் செருப்பு விட இடமிருக்காது. ஏறுகிறவர்கள் எல்லாம் நிறைமாதக்காரிகள், இல்லையென்றால் கைக்குழந்தைக்காரிகள். லிஃப்ட் கிடையாது. "இயற்கையாப் பெத்துக்கப் போறவளுக்கு லிஃப்ட் எதுக்கு?" என்று மேலே இருந்த அம்மாள் கேட்பாராம். என்ன ஒரு ஞானம் என்று வியந்தபடி, மூச்சு வாங்க ஏறினோம். ஆமாம், நானும்தான்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவள். "சோதிச்சுப் பாக்காம எதையும் நம்பாதீங்க" என்று பிள்ளைகளிடம் தொண்டை வறளக் கத்துகிறவள். படித்த முட்டாள் என்பார்களே, அதற்கு மாதிரி காட்ட வேண்டுமென்றால் என்னைத் தூக்கி மேசைமேல் நிறுத்தலாம்.

மாடியிலிருந்தவருக்கு ஊற்றம்மா என்று பெயர். ஜனங்கள் அன்பாக வைத்த பெயர் என்றார். வைத்த ஜனம் அவர் ஒருவரே. தேன் ஒழுகும் குரல். "மாடு ஆஸ்பத்திரிக்கா போகுது? பூனை மயக்க ஊசி கேக்குதா?" என்பார். எங்களுக்குப் புல்லரிக்கும். மாட்டுக்கும் டாக்டர் உண்டு, கன்று குறுக்கே நின்றால் தோள்வரை கையை விட்டு இழுக்கிறார் என்பது எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. மாட்டைக் காட்டினால் மாடு மாதிரி தலையாட்டுவதுதானே மரியாதை.

என் அக்காவுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பாதிப் பசிக்குத் தன் பால், பாதிப் பசிக்கு டப்பாப்பால் என்று வளர்த்தாள். அவளுக்குப் போன் போட்டுப் பாடம் எடுத்தேன்.

"நீ அவசரப்பட்டுட்டக்கா. கொஞ்சம் நம்பிக்கை வெச்சிருந்தா தானா நடந்திருக்கும்."

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "சரிடி. நீ நம்பிக்கையோட பெத்துக் காட்டு" என்றாள்.

காட்டினேன். வலி வந்தபோது ஊசி வேண்டாமென்று நர்ஸை விரட்டிவிட்டு, ஊற்றம்மா சொல்லிக்கொடுத்தபடி 'நான் மலர்கிறேன், நான் மலர்கிறேன்' என்று முனகினேன். மலரவில்லை. குழந்தையின் நாடித்துடிப்பு இறங்க ஆரம்பித்தது. டாக்டர் கத்தியை எடுத்தார். பெண் குழந்தை. அவள் அழுதாள், நானும் அழுதேன். அவள் பிறந்ததற்கு அழுதாள். நான் பரீட்சையில் தோற்றதற்கு அழுதேன். பிள்ளை முழுசாகக் கையில் இருக்க, பெற்ற விதம் சரியில்லையே என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். இதற்கெல்லாம் மாடு அழாது.

பால் சரியாக ஊறவில்லை. ஊற்றம்மாவிடம் கேட்டேன். "கத்தி பட்ட உடம்பு பயந்து கெடக்கு. டப்பாப்பால் ஒரு சொட்டு பட்டாலும் ஊற்று அடைச்சுக்கும். பொறு" என்றார். பொறுத்தேன். குழந்தை அழுகையைக் குறைத்துக்கொண்டு தூங்கியே கிடந்தாள். "என்ன சமத்து பாருங்க" என்று வீட்டுக்காரரிடம் பெருமையடித்தேன். "என்னை மாதிரி" என்றார் அவர். ஈரத்துணியும் குறைந்துபோனது. துவைக்கிற வேலை மிச்சம் என்று அதற்கும் சந்தோஷப்பட்டோம்.

பார்க்க வந்த அக்கா பிள்ளையைத் தூக்கியதும் முகம் மாறினாள்.

"என்னடி இது, பஞ்சு மாதிரி இருக்கா. வாயெல்லாம் காஞ்சு போச்சு. ஒண்ணுக்குப் போனாளா இல்லையா?"

"அவ சமத்துக்கா, அழறதே இல்ல."

"சமத்து இல்லடி. அழத் தெம்பில்ல."

அப்படியே பிள்ளையைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் ஏறிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன். டாக்டர் எடை பார்த்தார். பிறந்தபோது இருந்ததைவிட ரொம்பவே இறங்கியிருந்தது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

"தாய்ப்பால் நல்லதும்மா. நான் இல்லேன்னு சொல்லல" என்றார் டாக்டர். "ஆனா ஊறாத பால் என்ன நல்லது பண்ணும்? இருக்கறதக் குடுங்க. மீதிக்குப் பால்மாவு கரைச்சுக் குடுங்க."

தேறி வந்த பிறகு ஒரு புட்டியைக் காலி செய்துவிட்டு, குழந்தை கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். யார் இந்தப் பொம்பளை என்று கேட்கிற மாதிரி இருந்தது. நியாயமான கேள்வி.

இத்தோடு எனக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நான்தான் படித்தவளாயிற்றே, அவ்வளவு சுலபமாக வருமா? புட்டி கொடுத்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்க மறுபடி மாடி ஏறினேன். "அந்த அதிசயத்த நானும் பாக்கறேன்" என்று அக்காவும் கூட ஏறினாள்.

அன்று சாட்சித் தண்ணீர் பார்க்கிற நாள். தாயின் பாலை ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார் ஊற்றம்மா. சொட்டு கீழே இறங்கினால் பாலில் சத்து இருக்கிறது, மனசில் நம்பிக்கை இருக்கிறது. மேலேயே மிதந்தால் சந்தேகம் பாலைக் கெடுத்துவிட்டது. கெட்ட பாலுக்கு ஊற்றுத் தைலம் வாங்க வேண்டும், பணம் கட்டி உள்வகுப்பில் சேர வேண்டும். உள்வகுப்பில் சேராதவர்களுக்குத் தவறாமல் மிதந்தது. சேர்ந்துவிட்டவர்களுக்குத் தவறாமல் இறங்கியது. சேராதவர்களுக்கு ஒரு ஜக்கு, சேர்ந்தவர்களுக்கு இன்னொரு ஜக்கு.

என் சொட்டு மிதந்தது.

"டப்பாப்பால் குடுத்தியா?"

"குடுத்தேம்மா."

"தண்ணி காட்டிக் குடுத்துடுச்சு பாரு. இன்னைக்கே நிறுத்து."

நான் தலையாட்டினேன். ஆஸ்பத்திரிப் படுக்கையில் பிள்ளை கிடந்ததைப் பார்த்த அதே தலை.

"மாடி ஏறினதுல நாக்கு வறண்டு போச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே அக்கா என் தம்ளருக்கு ஊற்றிய அதே ஜக்கிலிருந்து ஊற்றி ஒரு வாய் வைத்தாள். உடனே துப்பினாள்.

"இதென்னம்மா, கடல் தண்ணியா? வாய்ல வைக்க முடியல."

"அது சுத்தி பண்ணின தண்ணி. குடிக்கக் கூடாது."

"அப்ப இது?" அக்கா மற்ற ஜக்கிலிருந்து ஊற்றிக் குடித்தாள். "இது நல்ல தண்ணி." குடித்த மிச்சத்தில், கிண்ணத்தில் மீந்திருந்த என் பாலையே ஒரு சொட்டு விட்டாள். சொட்டு அழகாக வளைந்து நெளிந்து அடிக்குப் போனது.

"அதே தங்கச்சி, அதே பால். தண்ணிதான் வேற" என்றாள்.

வருஷா வருஷம் உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டுப் பிள்ளைகளிடம் கைதட்டு வாங்குகிறவள் நான். உப்பு கரைந்தால் தண்ணீர் கனக்கும், லேசானது மேலே நிற்கும். இதைப் பரீட்சைக்குக் கேட்டு, 'முட்டையின் மனசில் சந்தேகம்' என்று எவனாவது எழுதியிருந்தால் முட்டையையே மார்க்காகப் போட்டிருப்பேன்.

பின்வரிசையில் ஒருத்தி மெல்ல எழுந்தாள். "எனக்கும் மிதந்துச்சு. புட்டிய நிறுத்திட்டேன்" என்றாள், யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல். மடியில் கிடந்த பிள்ளையை வாரிக்கொண்டாள். அக்கா அவள் தோளைப் பிடித்து, "வா, டாக்டர் பக்கத்துலதான்" என்று கீழே அழைத்துப்போனாள்.

"சந்தேகப்படறவங்க முன்னாடி ஊற்று பேசாது" என்றார் ஊற்றம்மா. சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்படி வழியாக இறங்கினார். தைலப் புட்டிகளை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

கூடத்தில் எல்லோரும் இரண்டு ஜக்கையும் மாற்றி மாற்றி நக்கிப் பார்த்தோம். என் பக்கத்திலிருந்தவள் யோசனையாக, "ஏங்க, இது கல்லுப்பா, தூளுப்பா? வீட்லயே சாட்சி பாத்துக்கலாமே" என்றாள்.

பால் இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் கரைத்துக் கொடுங்கள். மூளையை மட்டும் கறந்து அடுத்தவர் தம்ளரில் விட்டுவிடாதீர்கள்.