டங்கு சாரு தட்டிப் பார்த்த அச்சு

நாஞ்சில் நாட்டில் பேய்க்குப் பயப்படாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். சர்க்காருக்குப் பயப்படாதவர்களையும் பார்த்திருக்கிறேன். டங்கு சாருவுக்குப் பயப்படாத ஒரு வண்டிக்காரனைப் பார்த்ததில்லை. ஆரல்வாய்மொழிச் சாலையில் அவர் கை காட்டினால் பஸ் நிற்காது, வேகம் கூட்டும். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கண்டக்டர் சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

காரணம், அவருடைய ஜிப்பாப் பையில் எப்போதும் கிடக்கும் ஒரு சின்னச் சுத்தியல். இரும்போ வெண்கலமோ எதைக் கண்டாலும் சுத்தியலை எடுத்து 'டங்' என்று ஒரு தட்டு. பிறகு தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிச் சத்தம் அடங்கும்வரை கேட்பார். சத்தம் நன்றாக இருந்தால் போய்விடுவார். இல்லாவிட்டால் சற்று நின்று, மெதுவான குரலில் "பாவம்" என்பார். அந்தப் 'பாவ'த்துக்குத்தான் ஊர் நடுங்கியது.

கோட்டாற்றில் ஒரு கல்யாண வீடு. பாயசம் கொதித்துக்கொண்டிருந்த வெண்கல உருளியைத் தட்டிவிட்டு, "பாவம்" என்றார். சமையல் நடத்திய தவசுப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஓய், ஆரு பாவம்? நானா, உருளியா?"

"ரெண்டு பேரும்தான். பந்தி முடியதுக்குள்ள விட்டிரும்."

இரண்டாம் பந்தியில் உருளி பிளந்தது. பாயசம் அடுப்பை அணைத்தது. பெண்ணின் தகப்பனார் ஓடிவந்தார். உருளிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நேரே சாருவிடம் வந்து கைகூப்பினார்: "சாரே, உமக்குப் புண்ணியமாப் போகும். மாப்பிள்ளையை மட்டும் தட்டிப் பாத்திராதீரும்."

கரிநாக்கு என்றார்கள். சொன்னது பலித்துவிடுமாம். இதைக் கேட்டால் சாருவுக்கு மூக்கு விடைக்கும். "நாக்கு இல்லவே, காது! காது!" என்று தன் காதைப் பிடித்து இழுத்துக் காட்டுவார்.

ஆண்டும் மாதமும் சொல்லாமல் எதையும் எழுதினால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவது கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று முப்பது, மாசி மாதம், கும்பப்பூ அறுவடைச் சமயம். இங்கிலீஷ் கணக்கில் 1955. எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்வதற்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. தோவாளைப் பக்கம் ஒரு நெல் அரவை மில்லில் நான் எடைக் குமஸ்தா. டங்கு சாரு அதே மில்லில் ஆராய்ச்சியாளர். இருவருக்கும் நெல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி மாடியில் ஒரே அறை.

நெல் மில்லுக்கு எதற்கு ஆராய்ச்சியாளர் என்று கேட்பீர்கள். சாரு அதற்கு முன் வடக்கே ஒரு ரயில்வே பட்டறையின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தவர். ரயில் சக்கரங்களைத் தாங்கும் அச்சு ஒருநாள் திடீரென்று ஏன் உடைகிறது என்பதே அவருடைய படிப்பு. வேலையை விட்டுவிட்டு, அந்தப் படிப்போடு ரயிலே இல்லாத எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தார். அன்றைக்குத் தண்டவாளத்தைக் கண்ணால் பார்ப்பதற்கே நாங்கள் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டும். தட்டிப் பார்க்க ரயில் கிடைக்காத ஏக்கத்தில்தான் அவர் உருளியைத் தட்டினார் என்பது என் கட்சி.

எங்கள் மில்லில் அரிசி மிகுதியாக உடைந்து குறுநொய்யாகப் போய்க்கொண்டிருந்தது. உடைவதைப் பற்றி யாருக்குத் தெரியுமோ அவரைக் கூப்பிடு என்று முதலாளி இவரைப் பிடித்துவந்தார். சாரு களத்தில் காயும் நெல்லை நாள் முழுக்கப் பார்த்தார். ஒரு மணியை உரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பால்போன்ற அரிசிக்குள் மயிரிழையாக ஒரு கீறல்.

"மொதலாளி, அரிசி மிஷின்ல உடையல்ல. உச்சி வெயில்ல விரசலாக் காஞ்சு, களத்துலயே உடஞ்சாச்சு. மிஷினுக்குள்ள போயி ரெண்டாப் பிரியுது, அவ்வளவுதான்." பிறகு என் பக்கம் திரும்பி, "உடஞ்ச பெறவும் முழுசா இருக்கோம்னு நெனச்சு நடமாடுகது இந்த ஒலகத்துல நெறைய உண்டும்" என்றார். அதை அவர் ஏன் என்னைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியாமல் எனக்கு இன்றுவரை நிம்மதியில்லை.

மில்லில் எண்ணெய் இன்ஜின் ஓர் அறையிலும் அரவை மிஷின் அடுத்த அறையிலும் இருந்தன. இரண்டையும் பெல்ட்டுகளால் இணைத்துக்கொண்டு, உயரத்தில் ஒரு கனத்த இரும்பு அச்சு சுற்றும். அதன் நேர் கீழே உட்கார்ந்துதான் செல்லம்மை சொளவால் அரிசி புடைப்பாள். மில் பெண்களுக்கு அவள்தான் தலைவி. வாய் அப்படி.

வந்த சில நாட்களிலேயே சாரு அந்த அச்சின் இரைச்சலைக் கேட்டுக் கேட்டுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். இன்ஜினுக்கு ஓய்வு வெள்ளிக்கிழமை. அன்று ஏணி வைத்து ஏறி, ஒரு தட்டுத் தட்டினார். இந்த முறை "பாவம்" என்று சொல்லவில்லை. அச்சின் முனையில் உறைந்திருந்த பழைய கிரீஸைச் சுரண்டினார். உள்ளே உளியால் வெட்டிய ஒரு பெருக்கல் குறி தெரிந்தது. ஏணியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன சாரே?"

"இது நான் வெட்டுன குறி."

"நீங்களா?"

"பட்டறையில எனக்க கையால வெட்டுனேன். சத்தம் சரியில்ல, இனி ஓடப்பிடாதுன்னு கழிச்சுப்போட்ட அச்சு. பழைய இரும்புக்காரன் கையில ஏறி, கணவாய் தாண்டி, எனக்கு முன்னால இஞ்ச வந்து காத்துக் கெடக்கு."

நல்ல பகல். வெளியே வெயில் கொளுத்தியது. எனக்குக் கை மயிர் எழுந்து நின்றது.

முதலாளியிடம் போனோம். "ரயிலத் தாங்குன இரும்பு எனக்க நெல்லத் தாங்காதோ?" என்றார் அவர்.

"தாங்கித் தாங்கித் தளந்து போச்சு மொதலாளி. இரும்புக்கும் தளர்ச்சி உண்டும்."

"அப்பம் இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே, படுத்துக் கெடக்கட்டும். நாளைக்குக் காலம்பற எழும்பி ஓடட்டும்."

அவரையும் குறை சொல்ல முடியாது. தொட்டி நிறைய நெல் ஊறிக் கிடந்தது. அவித்த நெல் களத்தில் குவிந்திருந்தது. வேறு அச்சு வரும்வரை மில்லை நிறுத்தினால் சுற்று வட்டாரத்து விளைச்சல் புளித்து நாறிவிடும். கண்ணால் பார்க்காத விரிசலுக்காக அதைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

"கண்ணுக்குக் காட்டுகேன்" என்று சாரு திரும்பினார். அச்சுக்கு மண்ணெண்ணெய் தேய்த்து ஊறவிட்டார். பின் துளி ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்பு பூசி உலரவிட்டார். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய எண்ணெய் வெளியே கசிந்து வெள்ளையில் கோடு போடும். பட்டறைகளில் பழகிய முறை அது.

இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்த செல்லம்மைக்கு வேறு மாதிரிப் புரிந்தது. வெள்ளிக்கிழமை. எண்ணெய்க் காப்பு. பிறகு வெள்ளை சாத்து. "ஏட்டி, சாரு இசக்கிக்குல்லா பூசை செய்யாரு! ரயில்ல அடிபட்டுச் செத்தவ எவளோ அந்த இரும்புல குடியிருக்கா." அகாலமாகச் செத்துப் பேயும் தெய்வமுமாக நிற்பவள்தான் இசக்கி. பெண்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளையின் நடுவில் ஒரு கோடு வந்தது. மூடிய இமைபோல வளைந்த, மெல்லிய கருங்கோடு. அது மெல்ல நனைந்து அகன்றது.

"கண்ணு தொறக்கா! அம்மே, தொறக்கா!"

களத்தில் சொளவும் பெட்டியும் கிடந்தன. பெண்கள் ஒருத்திகூட இல்லை.

மறுநாள் காலையில் பெண்கள் எல்லோரும் மில்லுக்குள் கால் வைக்க மறுத்துவிட்டார்கள். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மில் நின்றுவிட்டது. சாரு கேட்டதும் அதுதான். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதை இங்கே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் தான் கண்டுபிடித்த விரிசலை ஒரு பேய் தட்டிக்கொண்டு போவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"இசக்கியாவது, ஒண்ணாவது! அது மண்ணெண்ணெய்!"

கீறல் விட்ட ஊறுகாய்ப் பரணி ஒன்றைக் கொண்டுவந்தார். பெண்களுக்கு முன்னாலேயே எண்ணெய் தேய்த்து, துடைத்து, சுண்ணாம்பு பூசிக் காட்டினார். பரணியிலும் கருங்கோடு வந்தது. செல்லம்மை தொட்டு முகர்ந்தாள்.

"மண்ணெண்ணெயேதான். இதுக்கா பேடிச்சு ஓடுனோம்? வாங்கட்டி!"

அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள். செல்லம்மை அச்சுக்கு நேர் கீழே தன் இடத்தில் உட்கார்ந்தாள். சாருவுக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது.

"செல்லம்மை, எழும்பு! பேய்க்குப் பேடிக்காண்டாம், விரிசலுக்குப் பேடிக்கணும்!"

"போவும் சாரே. மண்ணெண்ணெய்க்கு ஆராவது பேடிப்பாளா?"

முதலாளி கையசைத்தார். இன்ஜின் கிளம்பியது. அச்சு சுற்றத் தொடங்கியது. அன்று எனக்கும் கேட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்ன முனகல், தூக்கத்தில் வலி கண்டவர் முனகுவதுபோல.

சாரு மூலையை நோக்கி நடந்தார். பாதி வழியில் நின்றார். தோள் குலுங்கியது. பிறகு ஒரு குரவைச் சத்தம் எழுந்தது. அது அவர் வாயிலிருந்துதான் வந்தது என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. மெலிந்த, இளம் பெண்குரல்.

"எறக்குங்கலே! என்ன எறக்குங்கலே! எத்தன காலமாலே சுத்துகேன்! தல கெறங்குதுலே!"

கண் மேலே செருக, மயிர் சிலும்ப, அரையில் நழுவிய வேட்டியோடு ஆடினார். முதலாளி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்த நிலையிலும் வியாபாரம் விடவில்லை. "தாயே, நெல்லு ஊறிக் கெடக்கு. இந்த ஒரு அறுப்பு மட்டும் பொறுத்துக்கோ…"

"நெல்லா, பெண்ணாலே?" அவர் விரல் நேராகச் செல்லம்மையைச் சுட்டியது. "ஒண்ணு சொல்லு. இப்பம் சொல்லு!"

"நிறுத்துங்கலே இன்ஜின!" என்று முதலாளி அலறினார்.

செல்லம்மை சொளவைக் கீழே போட்டாள். இரண்டு பெண்கள் அவளை இழுத்து வெளியே கொண்டுபோனார்கள். இசக்கி அதோடு விடவில்லை. "மொதல்ல பெல்ட்டக் கழத்து! ஏணிய மேக்க வையி! கயிறு ரெண்டு சுத்து!" என்று வரிசையாக உத்தரவு போட்டாள். இசக்கிக்கு மெக்கானிக் வேலை தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

கயிறு கட்டி அச்சை இறக்கினார்கள். தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது கயிறு நழுவியது. பெரிய சத்தம்கூட இல்லை. அச்சு இரண்டாகக் கிடந்தது. முறிந்த முகத்தை எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஏறக்குறைய முழுவதும் பழைய கறுப்பு. கிளிஞ்சலின் வரிகளைப்போல வரிவரியாக உள்ளே தின்றுகொண்டு போயிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும், ரூபாய் நாணயம் அளவுக்கு, புது வெள்ளி மினுக்கம். அவ்வளவு இரும்புதான் செல்லம்மையின் தலைக்கு மேல் மிச்சம் இருந்தது.

முதலாளி நெல்லை வண்டிகளில் ஏற்றிக் கோட்டாற்று மில்களுக்கு அனுப்பினார். கொஞ்சம் புளித்தும் போயிற்று.

சாயங்காலம் அறையில் சாருவிடம், "நல்லா நடிச்சிய சாரே" என்றேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "என்ன நடிப்பு? பெல்ட்டத் தட்டிவிடக் கம்பெடுக்கத்தான் நான் மூலைக்குப் போனேன். கம்பெடுத்தேனா?"

"இல்லையே."

"பின்ன ஆரு நிறுத்துனா?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: "அந்தக் குரல் எப்பிடி இருந்து? கனமாவா, கீச்சாவா? முடியும்போ இழுத்துதா, வெட்டுனாப்பல நின்னுதா?" அதற்குப் பிறகும் பலமுறை கேட்டார். காதை மட்டுமே நம்பிய மனிதருக்கு, தன்னிடமிருந்தே வந்த அந்த ஒரு சத்தம் கேட்காமல் போய்விட்டது. நடிப்பா, நிஜமா என்று நான் இதுவரை எந்தப் பக்கமும் தீர்த்து எழுதவில்லை.

அடுத்த நாள் காலை அவர் களத்தில் நின்றபோது செல்லம்மை விடுவிடென்று வந்தாள். கும்பிடப்போகிறாள் என்று நினைத்தேன். கிழிந்த சொளவு ஒன்றை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஆடுகவரு கீழ பாத்து ஆடாண்டாமா? எனக்க சொளவ மிதிச்சு நாசமாக்கியாச்சு! இனி நான் எதுல புடைக்கட்டும், உம்ம மண்டையிலயா?"

அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். டங்கு சாரு கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் விட்டுப்போகாமல் கேட்டுக்கொண்டு, சிரித்தபடி நின்றார். உயிரோடிருக்கும் ஓர் ஆளிடம் வசவு வாங்குவதில் ஒருவருக்கு இத்தனை சந்தோஷம் இருக்க முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.