தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும்

ராயபுரம்,
வியாழக்கிழமை காலை.

அன்பும் பண்பும், இப்போதைக்கு அவற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கோபமும் நிறைந்த மச்சான் அருள்பிரகாசம் அவர்களுக்கு, தங்கள் ஒன்றுவிட்ட தங்கை சிலுவையம்மாளின் கணவன் ஜேக்கப் பணிவுடன் எழுதிக்கொள்வது. அந்தோணியார் புண்ணியத்தில் இங்கு எல்லோருக்கும் உடம்பு சுகம். மானம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து படுத்த படுக்கையாக இருக்கிறது. தூத்துக்குடியில் தாங்களும், வீட்டில் அக்காவும், மாப்பிள்ளை ஜோவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளை என்று எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மனசு வரவில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று தாங்கள் கேட்கலாம். பதினோரு தடவை போன் செய்தேன், தாங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் தங்கள் முகம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சாம்பல் நிற வட்டம் இருக்கிறது. அதற்குப் பெயர் பிளாக் என்று என் மகள் ஜானட்தான் விளக்கினாள். யாரால் பிளாக் ஆனேனோ அவளே வந்து பாடம் எடுக்கிறாள், பாருங்கள். பிளாக் செய்வதற்கு முன் தாங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நாலு தடவை கேட்டேன். "பொட்டப்புள்ளய மூணு வருசம் காலேசுக்கு அனுப்பி என்னத்தய்யா கண்டீரு மாப்ள? எம்பையனப் பாரும். பன்னெண்டாப்போட நிப்பாட்டி கடையில உக்கார வச்சேன். இன்னிக்கு வரைக்கும் எதுத்து ஒரு வார்த்த பேசுனது கெடையாது" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. என்னத்தைக் கண்டேன் என்று ஒன்று விடாமல் சொல்கிறேன். தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள்.

முதல் வருஷம் அவள் கண்டது ஃபெயில். கெமிஸ்ட்ரி சேர்த்துவிட்டேன், கூடவே கணக்கும் ஒரு பாடமாம், அதில் போய்விட்டது. போனது போகட்டும், அதை மறைக்கத் தெரிய வேண்டாமா? நேராக வூட்டுக்குள் வந்தாள், பையை வைத்தாள், "அப்பா, கணக்குல நான் ஃபெயிலு"ன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னாள். அழுகை இல்லை, பொய் இல்லை. நான் எட்டாவதில் ஃபெயிலானபோது எங்க நைனாகிட்ட மூணு வருஷம் சொல்லல மச்சான். ரிப்போர்ட் கார்டைக் கோழிக்கூண்டுக்குள்ள சொருகி வெச்சிருந்தேன். கோழிக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பரம்பரையில பொறந்துட்டு இவ இன்னான்னா, தப்பை ஒத்துகினு, சோத்தைத் துன்னுட்டு, அடுத்த தபா எழுதி பாஸும் பண்ணிட்டா. இதுக்கா காலேஜு?

ரெண்டாவது வருஷம் ஒரு தோஸ்தைக் கண்டா. பேரு பதுருன்னிசா, பழைய வண்ணாரப்பேட்டை. நான் அனுப்பினது ஒரு பொண்ணு, சாயங்காலம் திரும்பி வர்றது ரெண்டு. நோன்பு மாசத்துல தூக்குல கஞ்சி வருது, கிறிஸ்மஸுக்கு இங்கேருந்து கேக்கு போவுது. உங்க தங்கச்சி சிலுவையம்மா இருக்காளே, எனக்கு ஒரு வஞ்சிரத்துண்டு வெக்க ஆயிரம் யோசிப்பா, அந்தப் பொண்ணு வந்தா தலைப்பக்கமே தட்டுல விழுது. "அது யாரு வூட்டுப் பொண்ணு, நமக்கு இன்னா"ன்னு நான் ஒரு நாள் கேட்டதுக்கு, "கணக்கு யாரு சொல்லிக் குடுத்து உங்க பொண்ணு பாஸானா?"ன்னு ஆத்தாளும் பொண்ணும் ஒரே நேரத்துல என் பக்கம் திரும்பிக்கினாங்க. நான் தட்டைத் தூக்கிகினு வாசப்பக்கம் போய்ட்டேன்.

இதாவது வூட்டுக்குள்ள. அடுத்தது தெருவுக்கே வந்துச்சு. எங்க தெருவுக்குத் தண்ணி லாரி எப்ப வரும்னு அந்த டிரைவருக்கே தெரியாது, உங்களுக்கு நான் சொல்லிக்கீறேன். காலையில வரும், ராத்திரி வரும், மூணு நாளு வராது. நாங்க இன்னா செய்வோம்? திட்டுவோம், குடத்தை உருட்டிகினு ஓடுவோம், சண்டை போடுவோம், அவ்ளோதான். ஒழுங்கா அப்படியே போய்கினு இருந்துச்சு. இந்த ரெண்டு பொண்ணுங்களும் ஒரு நோட்டு போட்டு, ஒரு மாசம் பூரா லாரி வந்த நேரத்தை எழுதிச்சுங்க. நாப்பத்திரெண்டு பொம்பளைங்ககிட்ட கையெழுத்து வாங்கி மெட்ரோ வாட்டர் ஆபீஸ்ல குடுத்துட்டு, "பெற்றுக்கொண்டோம்"னு சீலு வேற குத்திகினு வந்துச்சுங்க. பத்தாம் நாள் ஒரு ஆபீசரு எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு, "ஜானட்ன்றது யாருங்க?"ன்றாரு. நான் லுங்கியோட பாத்ரூம்ல பூந்து தாழ்ப்பா போட்டுகினேன். சிலுவையம்மா, "அவரு டூட்டிக்குப் போய்க்கீறாரு"ன்னு சொல்றா, என் யூனிபார்ம் அந்த ஆபீசரு தலைக்கு மேல கொடியில தொங்குது. ஜானட் அவருக்கு ஒரு சேர் போட்டு, டீ குடுத்து, நோட்டை விரிச்சுக் காட்டிகினு கீறா. முக்கால் மணி நேரம் நான் உள்ளேயே குந்திகினு இருந்தேன் மச்சான். இப்ப கரெக்டா ஆறு மணிக்கு லாரி வருது. டிரைவர் என்னைப் பார்த்து, "இன்னா ஜானட் அப்பா, சௌக்கியமா?"ன்றான். முப்பத்தோரு வருஷம் ஹார்பர்ல கிரேன் ஓட்டி ஜேக்கப்னு ஒரு பேரு எடுத்து வெச்சிருந்தேன், அதுவும் போச்சு.

சரி, மூணாவது வருஷம் பேச்சுப்போட்டியில ஒரு கப்பு வாங்கியாந்தா. மாதா சுரூபத்துக்குப் பக்கத்துல கீது, சிலுவையம்மா அதுல பூ வெக்கிறா. அன்னிக்கே நான் உஷாராயிருக்கணும். பேசறதுக்குப் பரிசு குடுக்கிற எடத்துல பொண்ணை வுட்டுட்டு, அது பேசாம இருக்கும்னு நெனச்சேன் பாருங்க.

இப்ப ஞாயித்துக்கிழமை விஷயத்துக்கு வரேன். உங்க காதுக்கு அது கையும் காலும் மொளச்சு வந்திருக்கும், நடந்ததை நான் சொல்றேன். உங்களுக்கே தெரியும், மூணு ஞாயிறு பூசையில கல்யாண ஓலைன்னு ரெண்டு பேரு பேரையும் வாசிச்சாத்தான் நம்ம சனத்துல கல்யாணம். அதுக்கும் முன்னாடி பொண்ணும் மாப்பிள்ளையும் அவங்கவங்க பங்குச்சாமியார் எதுர்ல போயி, "எனக்கு சம்மதம்"னு சொல்லிக் கையெழுத்துப் போடணும். உங்க ஊர்ல ஜோவை இட்டுகினு போய் போட்டுட்டு வந்துட்டீங்க. இங்க நான் ஜானட்கிட்ட விஷயத்தையே சொல்லல. சொன்னா எதுனா கேப்பாளேன்னு பயம். அதனால சாமியாருக்குக் கூடமாட கோயில் வேலை பார்க்கிற உபதேசியாரைத் தனியாப் புடிச்சு, "பொண்ணுக்குப் பரீட்சை, அடுத்த வாரம் இட்டாறேன், மொத ஓலையை வாசிக்க வெச்சிடுங்க"ன்னேன். ஞானஸ்நானத்துலேருந்து பார்த்த பொண்ணாச்சேன்னு அவரும் நம்பி, மத்த ஓலைங்களோட சேர்த்து சொருகிட்டாரு. ஊர் மொத்தத்துக்கும் முன்னாடி பேரைப் படிச்சுட்டா அப்பால எந்தப் பொண்ணு மாட்டேன்னு சொல்லும்? இதான் என் பிளானு. உங்ககிட்ட மறைக்க இன்னா கீது.

மூணு ஜோடி பேரு முடிஞ்சுது. நாலாவதா, "ஜேக்கப், சிலுவையம்மாள் இவர்களின் மகள் ஜானட்"னு சாமியார் படிச்சாரு. நான் சட்டைக் காலரை இழுத்து வுட்டுகினேன். "இவர்களுக்குத் திருமணத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்"னு முடிச்சாரு. இந்த வரியை நான் பொறந்ததுலேருந்து கேக்கறேன், ஒருத்தன் தெரிவிச்சதில்ல. அந்த வரி வந்தா ஆம்பளைங்க எல்லாம் செருப்பு எங்க வுட்டோம்னு யோசிக்க ஆரமிப்பாங்க, அவ்ளோதான் அதுக்கு மருவாதி. ஆனா ஜானட்டு பாட்டுக்குழுவுல நிக்கிறா. மைக்கு அவ வாய்க்கு நேரா கீது.

"சாமி, எனக்கு ஒரு தடை தெரியும்."

சாமியாரு கண்ணாடியைக் கழட்டிட்டு, "என்னம்மா தடை?"ன்னாரு.

"பொண்ணைக் கேக்கல சாமி."

"பொண்ணு யாரும்மா?"

"நான்தான் சாமி. ஜோ மேல எனக்கு எந்தப் புகாரும் இல்ல. இடையில பேசுனதுக்கு மன்னிச்சுக்கங்க. நன்றி."

நன்றி வேற! பேச்சுப்போட்டியில சொல்லிக் குடுத்தாங்க போல. கடைசி பெஞ்சுல காசிமேட்டுல மீன் விக்கிற பொம்பளைங்க நாலு பேரு கை தட்டினாங்க. சாமியாரு அந்த ஓலையை மட்டும் தனியா எடுத்து மடிச்சு வெச்சுட்டு, செவ்வாக்கிழமை இலவச கண் பரிசோதனை முகாம்னு அடுத்த அறிவிப்புக்குப் போயிட்டாரு. எனக்கு உக்காரவும் முடியல, எழுந்து போகவும் முடியல. உபதேசியாரு அன்னியிலேருந்து என்னைக் கண்டா ரோட்டை மாறி நடக்கிறாரு.

வூட்டுக்கு வந்து கத்தினேன் மச்சான், தெருவே கேக்கறாப்போல கத்தினேன். படிக்க வெச்சதுக்கு என்னைக் கலீஜாக்கிட்டியேன்னு கேட்டேன். ஒரு அரை மணி நேரம் கேட்டுகினே இருந்துட்டு, "அப்பா, முடிச்சிட்டீங்களா? நான் பேசட்டுமா?"ன்றா. மேல எம்.எஸ்ஸி. படிக்கணுமாம், வர்ற திங்கக்கிழமை விண்ணப்பம் குடுக்க கடைசி நாளாம். அப்பால ஒரு கேள்வி கேட்டா. "நான் கட்டிக்க மாட்டேன்னு சொல்லல. கேக்கலன்னுதான் சொன்னேன். ஜோவையாவது யாராவது கேட்டீங்களா?" எவ்ளோ திமிரு பாருங்க. உங்க பையனைப் போய் எதுக்குக் கேக்கணும்? அவன்தான் தங்கமாச்சே, பேசவே மாட்டானே.

ஆகவே மச்சான், என் பெண் கல்லூரியில் அடைந்த பயன்கள் மேற்படி அனைத்தும். மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். வருகிற சனிக்கிழமை ஜானட்டை நானே சாமியாரிடம் அழைத்துப் போகிறேன். அவள் சம்மதம் சொல்வாள், கையெழுத்துப் போடுவாள், ஞாயிற்றுக்கிழமை ஓலை மறுபடியும் வாசிக்கப்படும். எம்.எஸ்ஸி. என்ற பேச்சுக்கே இடமில்லை. இது ஜேக்கப் தரும் வாக்கு. தாங்கள் பேசி வைத்திருக்கும் கல்யாண மண்டபத்தை விட்டுவிட வேண்டாம். என்னை பிளாக்கிலிருந்து எடுத்துவிடவும்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கமும், ஜோவுக்கு என் ஆசியும் சொல்லவும். பனிமய மாதா உங்கள் கடையையும் குடும்பத்தையும் காப்பாளாக.

தங்கள் கோபத்துக்கு என்றும் பாத்திரமான,
ஜேக்கப்.

பின்குறிப்பு: சனிக்கிழமை சாயங்காலம் இதை எழுதறேன். கவர் ஒட்டி ஸ்டாம்பு வெச்சாச்சு, தபால்பெட்டி வரைக்கும் போயி திரும்பி வந்து பிரிச்சேன்.

காலையில ஜானட்டை இட்டுகினு போனேன். சாமியாரு என்னை, "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க ஜேக்கப்"னாரு. சைக்கிள் ஸ்டாண்டுல பத்து நிமிஷம் நின்னேன். அப்பால கூப்ட்டு, அவ எதுர்லயே, "பொண்ணு சொல்றதைக் கேட்டேன். நீங்க என்ன சொல்றீங்க?"ன்னாரு. மேல எழுதியிருக்கிற அத்தனையும் வாய்ல ரெடியா இருந்துச்சு மச்சான். ஆனா நெனச்சுப் பார்த்தேன். முப்பத்தோரு வருஷமா கீழ நிக்கிற சிக்னல்மேன் கையைத் தூக்குனா தூக்கறேன், எறக்குனா எறக்கறேன். நீ இன்னா சொல்றன்னு ஒருத்தனும் என்னைக் கேட்டதில்ல. என் கல்யாணத்துக்கும் கேக்கல, இதை உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க. "சாமி, ஓலையைக் கிழிச்சிடுங்க. பொண்ணு படிக்கட்டும்"னேன். உபதேசியாரு பயந்துபோயி எட்டிப் பார்க்கிற அளவுக்கு சத்தமா சொன்னேன். சொல்ல நல்லா இருந்துச்சு. வெளிய வந்து, "திங்கக்கிழமை எத்தினி மணிக்கு அந்த காலேஜுக்குப் போவணும்?"னு ஜானட்கிட்ட கேட்டேன். பேச்சுக்குக் கப்பு வாங்கின பொண்ணு, என் தோளைப் புடிச்சுகினு அழுதுச்சு.

மத்தியானம் ஜோ போன் பண்ணான். ஆமா, உங்க ஜோதான். "மாமா, ஜானட்கிட்ட தேங்ஸ் சொல்லுங்க. எனக்கும் அதே தடைதான். எங்க சாமியார் என்னக் கேட்டப்ப அப்பா பக்கத்துலயே நின்னுக்கிட்டு, எனக்கு முந்தி 'சம்மதம் சாமி'ன்னுட்டாக. எங்க கோயில்ல மைக்கும் எம்பக்கத்துல இல்ல"ன்னான். அப்புறம் தயங்கித் தயங்கி, ஈவினிங் காலேஜுல சேர வயசு வரம்பு எதுனா கீதான்னு ஜானட்கிட்ட விசாரிக்கச் சொன்னான்.

அவனைச் சாமியாருகிட்ட வுட்டு ஒரு தபா கேக்கச் சொல்லுங்க மச்சான். கேக்கறப்போ நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. நானும் நின்னேன், ஒண்ணும் ஆகல.