சீராக வந்த வண்டியும் அரவேணு மேடும்

அரவேணு,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் மனோகரன் அவர்களுக்கு, தங்கள் தங்கை மல்லிகாவின் வீட்டுக்காரன் கந்தப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் நலம். திருப்பூரில் தாங்களும் அக்காவும் நலம் என்றே நினைக்கிறேன். இங்கே மழை விட்டுவிட்டது, மூட்டம் விடவில்லை. என் முழங்கால் வலி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

மஞ்சுவின் பதினாறாவது பிறந்தநாளுக்குத் தாய்மாமன் சீராகத் தாங்கள் அனுப்பிய பேட்டரி ஸ்கூட்டர் வண்டி, காய்கறி லாரியில் மாலை போட்டபடி பத்திரமாக வந்து இறங்கியது. அக்கம்பக்கமே திரண்டு வந்து பார்த்தது. அதைத் தாங்கள் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கோபப்படாமல் கடைசிவரை படிக்கவும்.

விஷயம் என்னவென்றால், காலை ஆறரை பஸ்ஸை நிறுத்தியதிலிருந்து மஞ்சுவை நான்தான் என் பழைய பைக்கில் கோத்தகிரி பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறேன். ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ். இந்தக் குளிரில் என் பைக் இருபது உதை வாங்காமல் கிளம்பாது, அதில் மூன்று நாள் லேட். இன்னொரு தடவை லேட்டானால் கிளாஸுக்கே வரவேண்டாம் என்று ஜெஸிந்தா டீச்சர் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் பிள்ளை எனக்குத் தெரியாமல் தங்களிடம் வண்டி கேட்டிருக்கிறாள். வண்டியோடு வந்த புத்தகத்தில் இருநூற்றைம்பது வாட், மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது, லைசென்ஸ் வேண்டாம், பதினாறு வயது போதும் என்று அச்சடித்திருக்கிறது. அச்சடித்ததை நம்புகிற ஆளா நான்? அருவங்காடு பேக்டரியில் முப்பத்துநாலு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவன். அளந்து பார்க்காமல் ஒரு திருகாணியைக்கூட வெளியே விட்டதில்லை. அதோடு, பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினால் அப்பனுக்கு மூன்று வருஷம் ஜெயில், பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுவரை லைசென்ஸ் கிடையாது என்று பேப்பரில் வேறு போட்டிருந்தான். அன்றைக்குப் போன தூக்கம்தான்.

சரி, டெஸ்ட் பண்ணிவிடலாம் என்று முடிவெடுத்தேன். டெஸ்டுக்குச் சமதளம் வேண்டும். அரவேணுவில் அதுக்கு நான் எங்கே போக? எங்க ஊட்டு அரிசி டிரம்மே அடியில் பலகைத் துண்டு வைத்துத்தான் நேராக நிற்கிறது. ஷேர் ஜீப் ரமேஷைப் பிடித்து, மஞ்சு முன்னால் ஓட்ட, நான் ஜீப்பில் நோட்டும் பேனாவுமாகப் பின்னால் போனேன். ஏற்றத்தில் வேகம் மணிக்கு நாலு கிலோமீட்டர்தான். தேயிலைக் கொழுந்து மூட்டையோடு வந்த இசக்கியம்மா கொஞ்ச தூரம் கூடவே நடந்து, "கண்ணு, எறங்கி நடந்தா வெரசா போயிரலாமே" என்று சொல்லிவிட்டு முந்திப் போய்விட்டார். அதே வண்டி இறக்கத்தில் முப்பத்தெட்டு. "மோட்டார் ஒண்ணும் பண்ணலீங்க, மலைதான் தள்ளுது" என்கிறான் ரமேஷ். யார் தள்ளினால் என்ன, முப்பத்தெட்டு முப்பத்தெட்டுதானே? என் கணக்குப்படி பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது லைசென்ஸ் வேண்டாம், திரும்பி வரும்போது வேண்டும்.

இதைக் கேட்க ஊட்டிக்கு பஸ் ஏறி லைசென்ஸ் ஆபீஸுக்கே போனேன். சீட்டில் இருந்த அம்மா என் நோட்டை முழுக்கப் படித்தார்கள். "ஏனுங்க, எறக்கத்துல பூசணிக்காய உருட்டி உட்டாலும் நாப்பதுல போகுமுங்க. அதுக்கு லைசென்ஸா கேக்கறோம்? பிரேக்கப் புடிச்சு ஓட்டச் சொல்லுங்க" என்றார்கள். எழுத்தில் கொடுங்கள் என்றேன். "எதைங்க, பூசணிக்காயவா?" என்றார்கள். அப்புறம் பாவம் பார்த்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கென்றே லைசென்ஸ் ஒன்று இருக்கிறது, கியர் இல்லாத ஐம்பது சிசி வண்டி மட்டும் ஓட்டலாம் என்றார்கள். சந்தோஷமாகத் திரும்பி வந்து கடை கடையாக ஐம்பது சிசி வண்டி கேட்டால், அதையெல்லாம் இப்போது யாரும் விற்பதில்லையாம். மெக்கானிக் ரொனால்டிடம் மட்டும் பழசு ஒன்று கிடக்கிறது. "இருக்குதுங்க, ஆனா சீட்டுக்கடில கோழி அடை படுத்திருக்குது, பொரிச்ச பொறவு வாங்க" என்றான். ஆக, லைசென்ஸ் கொடுக்கிற வண்டி கடையில் இல்லை, கடையில் இருக்கிற வண்டி மேடு ஏறுவதில்லை. இதுக்கு நடுவுல நான் என்னத்தைப் பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க.

திருப்பி அனுப்பலாம் என்றதும் மல்லிகா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "எங்கண்ணன் குடுத்த சீர லாரில ஏத்துனீங்கன்னா என்னையும் சேத்து ஏத்தி உட்ருங்க, வாடகை ஒண்ணுதான்." மஞ்சு கத்தவில்லை. "சட்டமே என்னைய உடுதுங்கப்பா, நீங்கதான் உடமாட்டீங்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். மச்சான், உங்களிடம் மறைப்பானேன், எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரே பிள்ளை, லாரி ஓடுகிற ரோடு, எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாத மூட்டம். வாட்டு, சட்டம், நோட்டு என்று நான் சுற்றிச் சுற்றிச் சொன்னதெல்லாம் இதற்குத்தான்.

ஆகவே புதன்கிழமை லாரியில் வண்டி வரும். சீரை மறுத்ததாக எண்ணாமல் மன்னிக்கவும். மஞ்சுவை நானே முறைப்படி என் பைக்கில் நேரத்துக்குக் கொண்டுபோய் விடுவேன், அது என் பொறுப்பு. அக்காவுக்கு என் விசாரிப்பு, குழந்தைகளுக்கு எங்கள் ஆசி. எல்லாரையும் அந்த முருகன் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
கந்தப்பன்.

பின்குறிப்பு: இது செவ்வாய்க்கிழமை எழுதுவது. மேலே உள்ளதை எங்கள் பேக்டரி பாஷையில் ரிஜெக்ட் ஆன லாட்டாக ஒதுக்கிவிடவும். நேற்றுக் காலை மஞ்சுவோடு போகும்போது கோத்தகிரியில் செக்கிங். என் லைசென்ஸ் முடிந்து மூன்று வருஷம் ஆகிவிட்டதாம். ஊரான் வண்டியை எல்லாம் அளந்தவன் இதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பைக் இப்போது ஸ்டேஷனில் நிற்கிறது. பிள்ளை இறங்கி ஓட்டமாக ஓடி, மணி அடிக்கிற நேரத்துக்கு எப்படியோ உள்ளே போய்விட்டாள். இன்றைக்குச் சட்டப்படி எங்கள் வீட்டில் ஓட்டக்கூடிய வண்டி தங்கள் சீர் ஒன்றுதான். நான் ஓட்டுகிறேன் என்றேன். "நீங்க இன்னும் பழகலீங்கப்பா, பின்னால உக்காருங்க" என்றாள். நடுவில் வருகிற இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்து, லாரிக்கு ஒதுங்கி, என்னைவிட நன்றாகவே ஓட்டுகிறாள். மேட்டில் மட்டும் நான் இறங்கித் தள்ளினேன். இசக்கியம்மா நின்று பார்த்து, "ஏனுங்க, புள்ள ஓட்டுது, நீங்க தள்ளறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். ஏழு இருபதுக்கு வகுப்பில் உட்கார்ந்துவிட்டாள். நாளை லாரியில் வண்டி வராது. முடிந்தால் ஒரு ஹெல்மெட் அனுப்பவும், என் தலை அளவுக்கு.