டிரேயில் அடுக்கிய இங்கிலீஷ்

செங்கோட்டையன் தமது ஐம்பத்தேழாவது வயதில், இனிமேல் சாதாரண இங்கிலீஷ் பேசுவதில்லை என்று முடிவெடுத்தார். அதுவரை அவர் சாதாரண இங்கிலீஷும் பேசியதில்லை. வீட்டில் சின்ன முடிவுகளைக் கந்தம்மாள் எடுப்பார். பெரிய முடிவுகளையும் அவர்தான் எடுப்பார். இந்த ஒன்றை மட்டும் மனைவி கவனிப்பதற்குள் செங்கோட்டையன் எடுத்துவிட்டார்.

காரணம் ஹாலந்து. நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணையாளர்களின் சங்கம் ஒன்று, அங்கே நடக்கும் கோழிக் கண்காட்சிக்குப் பத்து நாள் பயணமாக ஆறு பேரை அனுப்பப்போவதாக அறிவித்திருந்தது. பண்ணைக்கு ஒரே ஒரு சீட்டு. போகிறவர் அங்கே மேடையேறித் தன் பண்ணையைப் பற்றி இரண்டு நிமிடம் இங்கிலீஷில் பேச வேண்டும்.

செங்கோட்டையன் விமானத்தில் ஏறியதே இல்லை. மகன் கௌதமன் மஸ்கட்டில் வேலைக்குப் போனபோது அப்பா அம்மா இருவருக்கும் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தான். அது பீரோவிலேயே இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் யார் எந்த ஆசையைச் சொன்னாலும் ஒரே பதில்தான். பழனிக்குப் போகலாமா? "கோழிய ஆரு பாக்கறது?" கொழுந்தியாள் மகள் கல்யாணத்துக்கு முதல் நாளே போகலாமா? "கோழிய ஆரு பாக்கறது?" எட்டாயிரம் கோழி, இரண்டு கொட்டகை. நாமக்கல் கணக்குக்கு அது சின்னப் பண்ணை. ஆனால் ஒரு மனிதனைக் கட்டிப்போட எட்டாயிரம் கோழி போதும்.

"இந்த ஒரு தடவ நீ பாத்துக்க கந்தம்மா. பத்தே நாள்."

"சரிங்க."

இவ்வளவு சுலபமாகச் சம்மதம் கிடைத்ததில் அவருக்கு லேசாகப் பயம் வந்தது.

"நெசமாவா சொல்றே?"

"நெசமாத்தானுங்க. போயிட்டு வாங்க. ஆனா இங்கிலீசுக்கு என்னங்க பண்றீங்க?"

அதற்கும் அவரிடம் வழி இருந்தது. செல்போனில் கோட்டு போட்ட ஒருவர் சொல்லியிருந்தார்: பழைய காலத்து இங்கிலீஷ் கட்டுரைகளைப் படியுங்கள், தெரியாத வார்த்தைகளை எழுதி வையுங்கள், மூன்று மாதத்தில் ஊரே உங்களை வாயைப் பிளந்து பார்க்கும். செங்கோட்டையன் மறுநாளே சேலத்துக்கு பஸ் ஏறினார். சூரமங்கலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில், அட்டை போன கட்டுரைத் தொகுப்பு ஒன்றும் ஒரு பெரிய அகராதியும் வாங்கிவந்தார்.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய துரைமார் எழுதிய கட்டுரைகள் அவை. ஒருவர் நடப்பதைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதியிருந்தார். இன்னொருவர் சும்மா இருப்பதைப் பற்றி இருபது பக்கம். சும்மா இருக்க இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று செங்கோட்டையன் ஆச்சரியப்பட்டார்.

வார்த்தைகளை எதில் எழுதி வைப்பது? நோட்டில் எழுதினால் மூடி வைத்ததும் மறந்துபோகிறது. கோழிப் பண்ணைக்காரருக்குத் தோன்றியது முட்டை டிரே. முப்பது குழி. குழிக்கு ஒரு துண்டுச் சீட்டு. ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழ். மனப்பாடம் ஆனதை எடுத்து அடுத்த டிரேயில் வைப்பார். முட்டையைப் போலவே வார்த்தையிலும் நல்லது, சொத்தை எல்லாம் இருந்தது. வாயில் வைத்ததும் உடைந்துபோகிறவற்றைத் தனியாக ஒதுக்கினார்.

முதல் வாரம் வீட்டுக்குள் பயிற்சி நடந்தது.

"கந்தம்மா, லாகோனிக்குன்னா என்ன தெரியுமா?"

"கொழம்பு கொதிக்குதுங்க."

"லாகோனிக்குன்னா சுருக்கமாப் பேசறது. அதாகப்பட்டது, பழைய காலத்துல கிரேக்க தேசத்துல ஒரு ஊரு இருந்துச்சு. அந்த ஊருக்காரங்க எப்படின்னா..."

இருபது நிமிஷம் கழித்து அவர் முடித்தார். குழம்பு சுண்டிப் பாத்திரத்தில் ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, சுருக்கமாப் பேசறதுக்கே இத்தன நேரமாச்சுதுன்னா, நீட்டிப் பேசற வார்த்த வந்தா நான் அடுப்பையே பத்த வெக்க வேண்டாமுங்க."

பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் வேலியருகே நின்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். கந்தம்மாள்தான் ஒரு யோசனை சொன்னார்.

"கொட்டகையில போய்ப் படிங்க. அங்க ஆரும் சிரிக்க மாட்டாங்க. தீவன வண்டியத் தள்ளிக்கிட்டே படிச்சீங்கன்னா ரெண்டு வேலையும் ஆவுமில்லீங்க?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பண்ணைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பண்ணைச் சட்டை என்பது வெளுத்துப்போன நீலச் சட்டை. கந்தம்மாளுக்கும் அதே நிறத்தில் ஒரு மேல்சட்டை உண்டு. கோழி பழகிய நிறத்தைத் தவிர வேறெதைக் கண்டாலும் மிரளும்; மிரண்டால் கூண்டில் இடித்துக்கொள்ளும்; முட்டை கெடும். இது அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

கொட்டகையில் ஒரு பாட்டுப் பெட்டி இருந்தது. வெளிச் சத்தத்துக்குக் கோழி பதறாமல் இருக்க நாள் முழுவதும் மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கும். கட்டுரைக்கு இடைஞ்சல் என்று செங்கோட்டையன் அதைக் கழற்றிப் பரணில் போட்டார். தீவனக் குவியலின் மேல் புத்தகத்தை விரித்து வைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே உரக்கப் படித்தார். கோழிகள் முதல் நாள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. மூன்றாம் நாள் தலையைச் சாய்த்துக் கேட்டன. ஒரு வாரத்தில், சும்மா இருப்பதைப் பற்றிய கட்டுரையின் நடுவில், வரிசை வரிசையாகக் கண்ணை மூடின. இப்படியொரு சபை எந்தத் தலைவருக்கும் வாய்த்திருக்காது.

இடையில் ஒரு விபத்து நடந்தது. கேரளாவுக்கு முட்டை ஏற்றிப்போன லாரி டிரைவர் மாதையன் பாலக்காட்டிலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணா, ஒரு டிரேயில முட்டைக்குப் பதிலா முப்பது துண்டுச் சீட்டு இருக்குதுங்ணா. கடைக்காரன் செய்வினைங்கறான். லோடு எறக்க மாட்டேங்கறான்."

"டேய், அது வொக்காபுலரிடா!"

"அது எந்த மாதிரி தோசமுங்ணா? பரிகாரம் எதாச்சும் உண்டுங்களா?"

அந்த முப்பது வார்த்தைகளும் பாலக்காட்டோடு போயின. செங்கோட்டையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போனவற்றில் நான்கு, ரொம்பச் சிரமப்பட்டுப் பழக்கியவை.

மூன்றாம் மாதக் கடைசியில் சங்கத்தில் தேர்வு நடந்தது. கந்தம்மாளும் கூடவே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முதலில் பக்கத்து ஊர் அங்கமுத்து. செங்கோட்டையனுக்கும் அவருக்கும் இருபது வருஷமாகப் போட்டி.

"மை ஃபார்ம். குட் ஃபார்ம். எக் ஆல்சோ குட்," என்றார் அங்கமுத்து. கூட்டம் கைதட்டியது.

செங்கோட்டையன் எழுந்தார். தொண்டையைச் செருமினார். தம் கோழிகள் இன்டிஃபாட்டிகபிள் என்றார். அவற்றின் முட்டைகள் மேக்னானிமஸ் என்றார். தீவனம் கலப்பதில் தாம் பெர்ஸ்பிகேஷியஸ் என்றார். சளைக்காதவை, பெருந்தன்மையானவை, கூர்மதிக்காரர் என்று சீட்டுகளின் மறுபக்கத்தில் இருந்தது. பிறகு சும்மா இருப்பதைப் பற்றி இரண்டு வரி மூச்சு விடாமல் ஒப்பித்தார். புரியவில்லை என்று முதலில் சொல்வது யார்? தலைவர் இளஞ்செழியன் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"எக்ஸலண்ட்!" என்றார் தலைவர். "கந்தம்மாள் கோழிப் பண்ணைக்கு ஒரு சீட்டு. பேரு, பாஸ்போர்ட்டு எல்லாம் வெள்ளிக்கெழமைக்குள்ள குடுத்துருங்க. இல்லீன்னா அடுத்து அங்கமுத்துவுக்குப் போயிரும்."

பண்ணையின் பெயர் அதுதான். தொடங்கும்போது, மனைவி பெயரில் வை என்று ஜோசியர் சொன்னார்; செங்கோட்டையன் வைத்தார்.

அன்று திங்கட்கிழமை. ஜெயித்தவர் எதற்குப் படிக்க வேண்டும்? செவ்வாய்க்கிழமை புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் குளிருக்கு ஸ்வெட்டர் பார்க்க டவுனுக்குப் போய்விட்டார். புதன்கிழமை வந்து பார்த்தால் கொட்டகையில் ஒரே கொக்கரிப்பு. ஓடில்லாத தோல் முட்டைகள் பத்துப் பதினைந்து கூண்டுக்கு அடியில் கிடந்தன. டிரே அடுக்கு வழக்கத்தைவிட ஒரு முழம் குறைந்திருந்தது.

"என்ன கந்தம்மா ஆச்சு?"

"உங்க சத்தமில்லாம ஏங்கிப் போச்சுங்க. மூணு மாசமாப் பழகிப்போட்டீங்களே!"

"அந்தப் பாட்டுப் பெட்டிய மறுபடி போடு."

கந்தம்மாள் பெட்டியை இறக்கிவந்து மாட்டினார். என்னவோ கை தவறி, சத்தத்தை ஒரேயடியாகத் திருகிவிட்டார். கோயில் திருவிழாவே கொட்டகைக்குள் இறங்கியது போல் பறையும் மேளமும் முழங்க, நாலாயிரம் கோழி ஒரே சமயத்தில் சிறகடித்தது.

"நிறுத்து! நிறுத்து!"

"பாத்தீங்களா? பாட்டு ஒத்துக்கலீங்க."

"சரி, நான் போன பொறகு நீ படியேன். எழுத்துக் கூட்டிப் படிப்பியில்ல?"

"படிச்சுப் பாக்கறனுங்க," என்று வீட்டுக்குப் போனவர், பத்து நிமிஷம் கழித்து மகன் கல்யாணத்துக்கு எடுத்த சிவப்புப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இதென்ன வேஷம்?"

"இங்கிலீசு படிக்கறதுன்னா ஒரு மரியாத வேணாமுங்களா?"

அவர் ஒரு வரி படிப்பதற்குள் கூண்டுகள் அதிர்ந்தன. இறகு மழையாய்க் கொட்டியது. செங்கோட்டையன் பாய்ந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, நடப்பதைப் பற்றி நாலு பக்கம் படித்தார். கொட்டகை அடங்கியது. ஒன்றிரண்டு கொட்டாவி விட்டன.

இரவுச் சாப்பாட்டில் அவருக்கு இட்டிலி இறங்கவில்லை.

"என்னங்க பண்றது? நான் படிச்சா றெக்கைய அடிக்குது, நீங்க படிச்சாத் தூங்குது. பத்து நாள் இப்படியே உட்டா பண்ணையே போயிருமுங்க."

"அதுக்குன்னு ஹாலந்த உட்டுப்போட முடியுமா?"

"உட வேண்டியதுதானுங்க. அங்கமுத்தண்ணன் போயிட்டு வரட்டும்."

செங்கோட்டையன் தட்டை நகர்த்தினார்.

"எவன்?"

"அங்கமுத்தண்ணனுங்க. பாவம், அவுருக்கும் ஆச இருக்குமில்லீங்க. வந்து போட்டோவெல்லாம் காட்டுவாரு. நாம பாத்துக்கலாம்."

"எம் பொணத்து மேலதான் அவன் பிளேன் ஏறுவான்!"

"அப்ப வேற ஆருங்க இருக்கறா?"

அவர் யோசித்தார். விட்டத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"நீ போ."

"ஐயோ சாமி, நானா? எனக்கு இங்கிலீசும் தெரியாது ஒண்ணுந் தெரியாது. ஆளை உடுங்க."

அதன் பிறகு முக்கால் மணி நேரம் செங்கோட்டையன் கெஞ்சினார். பண்ணையே கந்தம்மாள் பெயரில்தான் இருக்கிறது என்றார். பாஸ்போர்ட் சும்மா கிடக்கிறது என்றார். இத்தனை வருஷம் பாடுபட்டவளுக்கு ஒரு பயணம் கூடவா இல்லை என்று கேட்கும்போது அவருக்கே கண் கலங்கியது. கந்தம்மாள் முடியாது, முடியாது என்று ஏழு தடவை சொன்னார். எட்டாவது தடவை பெருமூச்சு விட்டார்.

"நீங்க இவ்வளவு சொல்றதால ஒத்துக்கறனுங்க. மேக்னானிமஸ்ங்கறாங்களே, அது நீங்கதானுங்க."

செங்கோட்டையனுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வார்த்தையை அவர் பழக்கியதற்கு அன்றுதான் பலன் கிடைத்தது.

"மேடையில என்ன பேசுவே?"

கந்தம்மாள் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "ஐ ஆம் கந்தம்மாள். எய்ட் தவுசண்ட் ஹென்ஸ். ட்வென்ட்டி எய்ட் இயர்ஸ், நோ லீவ். நௌ ஐ ஆம் ஹியர். தேங்க்யூ," என்றார்.

"அவ்வளவுதானா?"

"லாகோனிக்குங்க."

கந்தம்மாள் விமானம் ஏறினார். நாலாம் நாள் மதியம் வீடியோவில் கூப்பிட்டார். செங்கோட்டையன் தீவன வண்டிக்கும் கட்டுரைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். தொண்டை கட்டியிருந்தது.

"மேடையில எந்திரிச்சு நின்னு கைதட்டுனாங்க. பேப்பர்காரங்க போட்டோ புடிச்சாங்க. இப்ப ஒரு பண்ணைக்குள்ள இருக்கறனுங்க."

படத்தில் அவர் வெளிர்நீல அங்கி ஒன்றைப் போட்டிருந்தார்.

"அதென்ன சட்ட? பட்டுச் சேலையெல்லாம் கொண்டுபோனியே?"

"கோழிகிட்டப் போகையில பளிச்சுனு கட்டப்படாதில்லீங்க? மெரண்டு போகுமே. உங்களுக்குத் தெரியாததுங்களா?"

செங்கோட்டையனுக்கு அந்தச் சிவப்புப் பட்டு நினைவுக்கு வந்தது. ஐந்நூறு உயர்தர இங்கிலீஷ் வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை. கடைசியில், "அங்க கோழிக்கு ஆரு படிக்கறா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆரும் படிக்கறதில்லீங்க. ஆள் சத்தத்த ஒருக்கா பதிஞ்சு பொட்டியில போட்டுட்டு, ஊரு சுத்தப் போயிடறாங்க. உங்க சத்தத்தையும் நம்ம பாட்டுப் பொட்டியில அப்படிப் போட்டிருந்தா ரெண்டு பேருமே எங்காச்சும் போயிருக்கலாம்னு எனக்கு அன்னைக்கே தோணுச்சுங்க. ஆனா சீட்டு ஒண்ணுதானுங்களே!"