ஆவியில் வெந்த கோடரி

இரண்டு கோடரிகளையும் உள்ளறை மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையில் எந்தக் கையால் எதைத் தூக்குவது என்று தெரியாமல் பல் டாக்டர் முழித்துக்கொண்டிருந்தார்.

ஒன்று, தலையும் பிடியும் ஒரே எஃகில் அடித்தது. நல்ல உறுதி. ஆனால் தூக்கினால் தோள்பட்டை முனகுகிறது. இன்னொன்று மரப்பிடி போட்டது. பையில் போட்டால் இருப்பதே தெரியாது. ஆனால் லேசாக இருப்பவர்களை எப்போதுமே உலகம் சந்தேகப்படும். டாக்டருக்கு அது சொந்த அனுபவம்.

"ரெண்டையும் கொண்டுபோய் வச்சுப் பாருங்க சார். பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் கொடுங்க," என்று கடைக்காரர் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார்.

விஷயம் கோடரி அல்ல, மாமனார். வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கரடியை முறைத்தே விரட்டியவர் என்று குடும்பத்தில் பேச்சு. வருஷா வருஷம் மகன்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு காட்டில் கூடாரம் போடப் போவார். மாப்பிள்ளையை மட்டும் கூப்பிட்டதில்லை. "அவரு பாவம், டாக்டர் கை. கொப்புளம் வந்துடும்," என்று பரிவாகச் சொல்லிவிடுவார். திட்டினால்கூடத் தாங்கலாம். பரிவுதான் உள்ளே போய்த் தைக்கும்.

அப்படிப்பட்டவர் போன வாரம் திடீரென்று போன் செய்தார்.

"மாப்ள, இந்தச் சனிக்கிழமை நீங்களும் வர்றீங்க. நல்ல கைக்கோடாலி ஒண்ணு நீங்களே பார்த்து வாங்குங்க. தூக்கிக்கிட்டு மலை ஏறணும், லேசா இருக்கணும். அதுக்காக நாலு விறகைப் பிளந்ததும் பல்லிளிச்சிடக் கூடாது."

அந்த அதிர்ச்சியில், எதிரே வாயைத் திறந்து படுத்திருந்தவரின் பல்லை அடைக்காமலே, "அவ்வளவுதான், போயிட்டு வாங்க," என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

இப்போது சோதித்துப் பார்க்க உள்ளறையில் காலொடிந்த ஸ்டூல் ஒன்று அகப்பட்டது. மரப்பிடிக் கோடரியை ஓங்கினார்.

டொக்!

வெளியே காத்திருந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உள்ளே யாரும்மா இருக்காங்க?"

"யாரும் இல்லைங்க. டாக்டர் மட்டும்தான்," என்றார் நர்ஸ்.

டொக்! டொக்!

"அப்போ அது என்ன சத்தம்?"

"தெரியலைங்க. உங்களுக்குக் கடவாய்ப் பல்தானே எடுக்கணும்?"

வெளியே முணுமுணுப்பு கிளம்புவது டாக்டரின் காதில் விழுந்தது. சத்தம் தொந்தரவாக இருக்கிறது போலும் என்று ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு மறுபடி ஓங்கினார். காதல் பாட்டுக்கு நடுவே டொக், டொக் என்று தாளம் தப்பாமல் விழுந்தது.

"பாட்டுப் போட்டு அலறலை அமுக்கறாங்கடா சாமி!" என்று ஒரு தாடைவலிக்காரர் எழுந்துவிட்டார்.

இதற்கு மேல் சும்மா இருப்பது நாகரிகமல்ல என்று டாக்டரே வெளியே வந்தார். வெள்ளைக் கோட்டெல்லாம் மரச் சிலும்பு. நெற்றியில் வியர்வை. கையில் கோடரி. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"யாரும் பயப்படாதீங்க. ரெண்டு வச்சிருக்கேன். எது நல்லா இறங்குதுன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். இதுதான். ஒரே போடுதான், வேலை முடிஞ்சுது!"

அடுத்த கணம் அந்த அறையில் நர்ஸைத் தவிர ஒற்றைச் செருப்பு மட்டும்தான் மிச்சம் இருந்தது.

டாக்டர் கோடரியைப் பக்கத்திலிருந்த எவர்சில்வர் தட்டில் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினார். "அம்மா, நில்லுங்க! வலிக்காதும்மா! சத்தியமா வலிக்காது!"

நடுத்தெருவில் ஒரு பல் டாக்டர் இப்படிக் கத்திக்கொண்டு ஒரு பெண்ணைத் துரத்தினால் என்ன நடக்குமோ அது நடந்தது. காவலர் வந்தார். டாக்டர் விளக்கினார். விளக்க விளக்கக் கூட்டம்தான் பெருத்தது. "அந்தக் கோடாலி எங்கே?" என்றார் காவலர். "கிளினிக்ல சார்." கூட்டத்தில் பாதி கன்னத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒருவழியாகத் தப்பித்துத் திரும்பியவர், கிளினிக் படிக்கட்டில் மாமனாரையும் மாமியாரையும் பார்த்துத் திடுக்கிட்டார். மாமனாரின் ஒரு பக்கக் கன்னம் எலுமிச்சம்பழத்தை அடக்கி வைத்ததுபோல வீங்கியிருந்தது.

"என்ன மாமா, பல்வலியா?"

"வலியா? எனக்கா? கோடாலி வாங்கிட்டீங்கன்னு உங்க அத்தை சொன்னா. பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்." ஒவ்வொரு சொல்லும் வீக்கத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு வந்தது.

டாக்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "உள்ளே வந்து உட்காருங்க மாமா, இதோ காட்டறேன்."

அத்தை அவர் தோளில் கை வைத்து ஓர் அழுத்து அழுத்த, மாமனார் நோயாளி நாற்காலியில் விழுந்தார். டாக்டர் உள்ளறைக்கு ஓடினார். எஃகுக் கோடரி இருந்தது. லேசானதைக் காணோம்.

"சிஸ்டர், இங்க ஒண்ணு வச்சேனே..."

"எல்லாம் ரெடி டாக்டர்," என்று நர்ஸ் பச்சைத் துணி மூடிய தட்டோடு வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்தக் கிளினிக்கில் ஒரு சட்டம் உண்டு. எவர்சில்வர் தட்டில் எது கிடந்தாலும் அது கழுவப்படும், கண்ணாடித்தாள் உறையில் ஒட்டப்படும், கிருமி கொல்லும் ஆவிப் பெட்டியில் வெந்து மேஜைக்கு வரும். ஏன், எதற்கு என்று நர்ஸ் கேட்கக் கூடாது. டாக்டர் போட்ட சட்டம்தான். அவருடைய மூக்குக் கண்ணாடியே ஒருமுறை வெந்திருக்கிறது.

நர்ஸ் துணியை விலக்கினார். பல் பார்க்கும் கண்ணாடி, ஊசி, பிடுங்கும் குறடு, அதற்கு அடுத்து, உறைக்குள் இளஞ்சூட்டில் ஆவி பூத்து, கோடரி.

"ஐயோ, மரப்பிடிம்மா அது! வேக வச்சிட்டீங்களா?"

"தட்டுல கிடந்துது டாக்டர். பெருசா இருந்துதுன்னு கூடக் கொஞ்சம் நேரம் விட்டேன்."

மாமனார் தலையைத் தூக்கித் தட்டைப் பார்த்தார். கண்கள் வட்டமாயின.

டாக்டர் பதறி, உறையோடு கோடரியை எடுத்து நீட்டினார். "தப்பா நினைக்காதீங்க மாமா! இது உங்களுக்காகவே பார்த்துப் பார்த்து வாங்கினது!"

கரடியை விரட்டிய மாமனாரின் தலை சத்தமில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

நர்ஸ் தண்ணீர் தெளித்தார். டாக்டர் நாடி பார்த்தார். நாடி நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இல்லாதவர் டாக்டர்தான். வெடித்துப்போன மரப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு அத்தை. இத்தனை வருஷத்துல இப்பத்தான் என்னையும் ஒரு ஆளா மதிச்சுக் காட்டுக்குக் கூப்பிட்டாரு. கோடாலியைக் காட்டி அவரையே மயக்கம் போட வச்சிட்டேன். இனிமே வாசப்படி மிதிக்க விடுவாரா?"

அத்தை கணவரின் முகத்தைத் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"கோடாலிக்கெல்லாம் அசர்ற ஆளா அவரு? பக்கத்துல இருந்த குறட்டைப் பார்த்துத்தான் சாஞ்சாரு. சனிக்கிழமை பல்லைப் பிடுங்கியே தீரணும்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன் மாப்ள. டாக்டரே ஊர்ல இல்லாமப் போயிட்டா யாரு பிடுங்குவான்னுதான் உங்களைக் காட்டுக்குக் கூப்பிட்டாரு!"